நிராகரிக்கப்பட்ட புள்ளிகள்

ஆழப்படத்துக்கு நாற்றம் கிடையாது. அதில் இருக்கும் நிறமும் உண்மையான நிறமில்லை. கிட்டே இருப்பது சிவப்பு, தள்ளி இருப்பது நீலம், நடுவில் மஞ்சளும் பச்சையும். பாதாளச் சாக்கடைக் குழியின் அடியை ஆழப்படமாக எடுத்துப் பார்த்தால் மயில் கழுத்து மாதிரி இருக்கும். ஒன்பது வருடம் நான் அந்த அழகைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். ஒருநாள்கூட மூக்கைப் பொத்தியதில்லை. இப்போது அதுதான் குமட்டுகிறது.

எங்கள் நிறுவனத்தின் பெயர் ஆழி. நாங்கள் செய்த இயந்திரத்தின் பெயர் நண்டு. நான்கு கால்களால் குழிச் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கி, கொடுக்கால் அடைப்பை எடுத்து வாளியில் போட்டு மேலே அனுப்பும். மலக்குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும் மனிதர்கள் இறங்கிக்கொண்டும் செத்துக்கொண்டும் இருந்த ஊர் எங்களுடையது. நாற்பத்தொரு நண்டுகள் வந்த வருடம் மாநகராட்சி வாசலில் ஒரு பலகை வைத்தார்கள்: 'மனிதர் இறங்காத நகரம்.' அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

நண்டுக்கு மூன்று கண்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் அரைகுறை. முதல் கண் சாதாரண வண்ணக் கேமரா. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். செங்கல்லில் இருக்கும் விரிசல்கூடத் தெரியும், ஆனால் அந்த விரிசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது கண், நமக்குத் தெரியாத ஒளி ஒன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும். ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால், ஒரு கூறில் ஒளி ஓர் அடி போகும். அந்தக் கணக்குத்தான். தூரம் கிடைத்துவிடும். ஆனால் மொத்தமே நாற்பத்து மூவாயிரம் புள்ளிகள். கண்ணாடியைக் கழற்றிய கிட்டப்பார்வைக்காரருக்குத் தெரிவதுபோல எல்லாம் திட்டுத் திட்டாக இருக்கும். மூன்றாவது கண், ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்க்கும். ஈரப் பரப்பில் பட்டு வரும் ஒளியின் அதிர்வு, அந்தப் பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். ரோட்டின் பளபளப்பை மட்டும் வெட்டுகிற வெயில் கண்ணாடி இருக்கிறதே, அதுவும் இதே சங்கதிதான்.

ஒன்றுக்கு விளிம்பு தெரியும், ஒன்றுக்குத் தூரம், ஒன்றுக்குச் சாய்வு. மூன்றையும் சரியாகக் கோத்துவிட்டால் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளுக்கும் கால் மில்லிமீட்டர் துல்லியத்தில் ஆழம் கிடைக்கும். அப்படிக் கோக்கும் நிரலை எழுதியது நான்தான். இந்துமதி என்று நண்டின் உள்ளே எங்கோ ஒரு வரியில் என் பெயர்கூட இருக்கிறது.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. மூன்று கண்களும் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பது துளியும் பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். நண்டு சுவரில் ஒரு இடி இடித்தால் போதும், அமைப்பு மாறிவிடும். குழிக்குள் இருக்கும் சூட்டில் உலோகத் தட்டு கொஞ்சம் விரியும், கண்ணாடியில் ஆவி படியும். மேலே சரியாக இருந்தது கீழே தப்பாகும். அப்படித் தப்பான ஒருநாள் நண்டு, சுவரைச் சேறு என்று நினைத்துப் பழைய குழாய் ஒன்றைப் பிய்த்துவிட்டது. ஒரு தெரு முழுக்கக் கழிவு. அதனால் ஒவ்வொரு முறையும் குழிக்குள் இறங்கிய பிறகு, கண்களின் அமைப்பை அளந்து சரிசெய்யும் காலிப்ரேஷன் செய்தாக வேண்டும் என்று நான் ஒரு பூட்டுப் போட்டேன். அது முடியாவிட்டால் கொடுக்கு அசையாது.

காலிப்ரேஷன் சுலபமானது. சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பலகையை, கண்களுக்கு முன்னால் இருபது விதமாகச் சாய்த்துக் காட்ட வேண்டும். கட்டங்களின் மூலைகளை மூன்று கண்களும் பார்க்கும். யார் எங்கே இருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். மூலைகள் மட்டும்தான் வேண்டும். பலகைக்கு வெளியே படத்தில் எது இருந்தாலும் நிரல் அதை ஒதுக்கிவிடும். அந்த ஒதுக்கலுக்கு 'நிராகரிக்கப்பட்ட புள்ளிகள்' என்று பெயர் வைத்திருந்தேன்.

பலகையைப் பிடிக்க, நான்கு கால்களுக்கு அடுத்ததாக, நண்டுக்கு ஐந்தாவது கை ஒன்று இருந்தது. சோதனைக்கூடத்தில் அது பரதநாட்டியம் ஆடியது. குழிக்குள் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. ஊர் தலைசீவி, எண்ணெய் வடித்து, கழுவி அனுப்பியதெல்லாம் அங்கேதானே போகிறது. மணிக்கட்டு மூட்டுகளில் முடி சுற்றி, அதன்மேல் சமையலெண்ணெய் வெள்ளையாக உறைந்து, நார்க் கயிறு திரித்ததுபோல் இறுகிப் பழுதுக்கு வரும். முதல் இரண்டு மாதத்தில் அறுபத்தெட்டு கைகள் வந்தன. மூன்றாவது மாதம் ஒன்பது. நான்காவது மாதத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அதைவிட ஆச்சரியம், காலிப்ரேஷன் பிழை குறைந்திருந்தது. குறிப்பாக நான்காவது மண்டலத்தில் சோதனைக்கூடத்தைவிடக் குறைவு. நான் எல்லா மண்டல மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு மெயில் அனுப்பினேன். நான்காவது மண்டலத்தின் காலிப்ரேஷன் மிகச் சிறப்பாக இருக்கிறது, மற்றவர்களும் அதே முறையைப் பின்பற்றுங்கள் என்று எழுதினேன். அது என்ன முறை என்று நான் கேட்கவில்லை. எண் நன்றாக இருந்தால் எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. எண் கெட்டால்தான் கேட்போம்.

ஜெயக்கொடி அலுவலகத்துக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையின் நகல். வரவேற்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நண்டைச் செய்தவரைப் பார்க்காமல் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

அவள் கணவன் எட்டியப்பன் நான்காவது மண்டலத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவன். ஐம்பத்திரண்டு நாளுக்கு முன் செத்துப்போயிருந்தான். தேரடித் தெருவில் மூடாமல் கிடந்த குழியில் குடிபோதையில் தவறி விழுந்து இறந்தான் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. அவன் குடிப்பதில்லை என்றாள். அதற்கு அவளிடம் சாட்சி இல்லை. செத்த அன்று அவனுக்கு வேலை பக்தர் தெருவில் என்றும், தேரடித் தெரு அங்கிருந்து நாலு தெரு தள்ளி என்றும் சொன்னாள். மகள் ஆறாவது படிக்கிறாள். பள்ளியில் குடிகாரன் மகள் என்று கூப்பிடுகிறார்களாம். வேலையில் செத்தான் என்று அரசாங்கத் தாளில் ஒரு வரி வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் பொறுமையாக விளக்கினேன். விளக்குவது எனக்குப் பிடிக்கும். நண்டு இருக்கும் மண்டலத்தில் ஆள் இறங்கத் தேவையே இல்லை என்று சொல்லி, மேசையில் இருந்த சின்ன மாதிரி நண்டை எடுத்துக் கால்களை அசைத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பலகைய யாரு புடிக்கிறது?" என்றாள்.

"எந்தப் பலகை?"

"கருப்பு வெள்ள கட்டம் போட்டது. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சொல்லுவாரு மேடம். இன்னிக்கு எனக்கு மூணு தடவ மிக நன்று குடுத்திச்சிடி, ஒனக்கு நான் ஒரு தடவயாச்சும் குடுத்திருப்பனான்னு சிரிப்பாரு. பள்ளிக்கூடத்துல யாரும் அவருக்கு அத்த சொன்னதில்ல."

நான் மாதிரி நண்டை மேசையில் வைத்தேன்.

'மிக நன்று' நான் எழுதியது. பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பலகையைச் சரியாகப் பிடிக்கப் பழக வேண்டும் என்று திரையில் வரும்படி சில வாக்கியங்கள் போட்டிருந்தேன். 'இன்னும் சாய்க்கவும்.' 'இடப்புறம் நகர்த்தவும்.' 'பலகை தெரியவில்லை, இன்னும் கீழே பிடிக்கவும்.' சரியாக வந்தால் 'மிக நன்று'. ஐந்தாவது கைக்கு அந்த வாக்கியங்கள் தேவையில்லை, அதற்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் அவற்றை நீக்கவில்லை. அழகாக இருந்ததால் விட்டுவைத்திருந்தேன்.

அவளை அனுப்பிவிட்டு, நான்காவது மண்டலத்து நண்டின் பதிவு வட்டைத் தருவித்தேன். படங்கள் ஒரு வருடம் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். ஒதுக்கும் வேலையை நிறுத்திவிட்டு முழுப் படத்தையும் திறந்தேன்.

பலகையின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டைவிரல்கள்.

கால் மில்லிமீட்டர் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நகத்தின் குழிவு, வெகுநேரம் நனைந்து ஊறிய தோலின் சுருக்கம், சுருக்கத்துக்குள் ஒட்டியிருந்த கசடின் தடிமன் எல்லாம் இருந்தது. கையுறை இல்லை. கையுறை போட்டால் ரப்பர் பளபளத்து மூன்றாவது கண் குழம்பும். அதைக் கண்டுபிடித்துக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். மனிதனின் மணிக்கட்டு எந்த மோட்டாரையும்விட விதவிதமாகச் சாயும். பிழை குறைந்ததற்கு அதுதான் காரணம். நான் மற்ற மண்டலங்களின் வட்டுகளையும் திறந்தேன். என் மெயில் போன தேதிக்கு முன்னால் நான்காவது மண்டலத்தில் மட்டும் வெறும் விரல்கள், மற்ற இடங்களில் கையுறை போட்டவை. அதற்குப் பின்னால் எல்லா மண்டலத்திலும் வெறும் விரல்கள். எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தேழு வெவ்வேறு ஜோடிக் கைகள். தடித்தவை, மெலிந்தவை, ஆறு விரல் இருந்த ஒன்று. எட்டு மாதமாக நான் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். என் நிரல் அவற்றைக் கழித்துவிட்டு மீதியை எனக்குக் காட்டியிருக்கிறது.

பிறகு எட்டியப்பன் செத்த நாளின் படங்களைத் திறந்தேன். குழி எண் பக்தர் தெருவுடையது. காலை ஒன்பது நாற்பது. இருபது சாய்வில் பதினான்கு முடிந்திருந்தது. பதினைந்தாவதில் பலகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கசடின் மேல் மட்டமாகப் படுத்துவிட்டது. நண்டு ஐந்து வினாடிக்கு ஒரு முறை படமெடுத்துப் பலகையைத் தேடியது. தேடும்போதெல்லாம் திரையில் என் வாக்கியம். 'பலகை தெரியவில்லை, இன்னும் கீழே பிடிக்கவும்.'

தொண்ணூற்றாறு முறை.

பலகைக்குப் பக்கத்தில், ஆழப்படத்தில், ஒரு மனிதனின் முதுகு மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. முதுகு ஏறி இறங்கியது. முதலில் நான்கு மில்லிமீட்டர், பிறகு இரண்டு. நான் செய்யக் கூடாததைச் செய்தேன். அந்தத் தொண்ணூற்றாறு படங்களிலிருந்தும் முதுகின் உயரத்தை எடுத்து ஒரு வரைபடம் போட்டேன். ஐந்து வினாடிக்கு ஒரு படத்தில் மூச்சை எண்ண முடியாது, ஆனால் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்று தெரியும். எழுபத்திரண்டாவது படத்துக்குப் பிறகு கோடு மட்டமானது. மட்டத்தில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது. அது அவனுடையதல்ல, கருவியினுடையது. அந்த நடுக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

கழிப்பறைக்குப் போனேன். முகத்தைக் கழுவி, அந்தத் தண்ணீர் வட்டத் துளைக்குள் சுழன்று போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தபோது வட்டில் இன்னும் சில படங்கள் இருந்தன. அதே நாள், அதே குழி, பகல் பன்னிரண்டு பத்து. இருபது சாய்வும் முடிந்திருந்தது. வேறு ஒருவரின் கைகள். பிழை மிகக் குறைவு.

எங்கள் நிறுவனர் ஸ்ரீவத்சன் என்னோடு படித்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தெருநாய்களுக்கு ஊசி போட வண்டி வைத்து நடத்துகிறவன். படங்களை அவன் மேசையில் திறந்து வைத்தேன். முதல் படத்தைப் பார்த்தான். முதுகு வந்த படத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டான். நான்காவது மண்டல மேற்பார்வையாளர் பால்துரையைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றேன். தேவையில்லை என்றான்.

"ஒனக்குத் தெரியுமா, ஸ்ரீ?"

"ஃபீல்டுல எப்படிப் பண்றாங்கன்னு நாம கேக்கறதில்ல, இந்து. வேலை நடந்தாப் போதும்னு விட்டுடறோம். எல்லாரும் அப்படித்தான். நீயும் கேக்கலையே."

உண்மை. அவன் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் நியாயமாகவே ஒலித்தது. இதை வெளியே கொடுத்தால் நண்டுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் ஆட்கள் பழையபடி கழுத்தளவு இறங்குவார்கள், இப்போது பலகை பிடிக்க மட்டும் பத்து நிமிடம் இறங்குகிறார்கள், கணக்குப் பார்த்தால் நண்டால் லாபம்தான் என்றான். கடைசியில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, ஐந்தாவது கையை மறுபடி வடிவமைக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டான். ஒரு வருடம் என்றேன். பார்க்கலாம் என்றான்.

நான் படங்களை ஜெயக்கொடியிடம் கொடுத்தேன். என் மெயிலையும் அச்செடுத்துச் சேர்த்தேன். அவள் அவற்றோடு மனுக் கொடுத்தாள். உதவி ஆட்சியர் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி சத்தம் அதிகம். உதவி ஆட்சியர் ஓர் இளம் பெண். எதையும் எழுதிக்கொள்வதற்கு முன் புரிந்துகொள்ள நினைப்பவர். ஆழியின் வழக்கறிஞர் அது யாருடைய முதுகோ என்றார். உடனே ஜெயக்கொடி எழுந்து, தோள்பட்டைக்குக் கீழே சட்டையின் தையல் ஏறி இறங்கி இருப்பதைக் காட்டினாள். கிழிந்த இடத்தில் அவளே போட்ட தையல். மேலே எழும்பிய நூலின் தடிமன்கூடப் படத்தில் இருந்தது. பிணத்தோடு வந்த சட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். பால்துரை பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தெருவுக்குள் ஊர்வலம் வருவதாக இருந்தது, அதற்குள் வேலையை முடிக்கச் சொன்னார்கள், அதனால் தேரடித் தெருவுக்குக் கொண்டு போனோம் என்றார். அப்போதும் அவர் 'உடல்' என்று சொல்லவில்லை. 'ஆளை மாத்தினோம்' என்றார்.

உயிர் இருந்தது எப்படித் தெரியும் என்று உதவி ஆட்சியர் என்னைக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று கண்கள், ஒளி போய் வரும் நேரம், ஈரத் துணியின் சாய்வு. தாளில் படம் வரைந்தேன். அவர் தலையாட்ட ஆட்ட எனக்கு உற்சாகம் ஏறியது. இரண்டு மில்லிமீட்டர் அசைவையும் கருவியின் நடுக்கத்தையும் எப்படிப் பிரிப்பது என்பது உண்மையிலேயே ரசமான கணக்கு. பாதியில் நிமிர்ந்தபோது ஜெயக்கொடி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா பிடித்த என் கை காற்றில் ஏறி இறங்கி அவள் கணவனின் மூச்சைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஏதோ அப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் இரண்டே கேள்விகள் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் இருந்தாரு?"

"ஆறு நிமிஷம்."

"மேல எத்தினி பேரு?"

நான் பால்துரையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி மூன்று என்றார். திரையில் வந்ததைக் குழிக்குள் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்றார். இன்னும் கீழே பிடி, இன்னும் கீழே பிடி என்று.

இருபத்தைந்து நாளில் உத்தரவு வந்தது. ஜெயக்கொடி அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஆனால் அரசாங்கத் தமிழ் புரியாது. நான் படித்துச் சொன்னேன். எட்டியப்பன் மது அருந்தியதற்கான ஆதாரம் ஏதுமில்லை. அவர் பணியின்போது, காலிப்ரேஷன் பலகையைப் பிடித்திருந்த நிலையில், நச்சுக் காற்றால் மயங்கி இறந்தார். அவள் அந்த வரியை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு விரலை வைத்துத் தானே ஒரு முறை படித்தாள். இதை நகலெடுத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடுக்கலாம் என்றேன்.

அடுத்த பத்தியை நான் படிக்காமல் விட்டிருக்கலாம். அதில் பரிந்துரைகள் இருந்தன. நண்டு கருவியானது மனித சுவாசத்தை மில்லிமீட்டர் அளவில் கண்டறியும் திறன் படைத்தது என்று விசாரணையில் நிரூபணமாகியுள்ளதால், இனிவரும் காலங்களில் காலிப்ரேஷன் பணியின்போது சுவாசக் கண்காணிப்பு எச்சரிக்கையைக் கட்டாயமாக்கலாம்.

அவள் தாளிலிருந்து விரலை எடுத்தாள்.

"அப்போ எறங்கலாம்னு எழுதியிருக்காங்களா?"

அப்படி எழுதவில்லை என்றேன். இறங்குகிறவனின் மூச்சைப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. சொல்லும்போதே அதன் அசிங்கம் எனக்குத் தெரிந்தது. நான் அந்த அறையில் அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்கக் கூடாது. என் படத்தையும் என் கணக்கையும் வைத்துத்தான் அந்தப் பத்தியை எழுதியிருந்தார்கள்.

ஸ்ரீவத்சன் மறுநாளே கூப்பிட்டான். குரலில் நிம்மதி. நண்டுகளைத் தடை செய்யவில்லை, உயிர்காக்கும் வசதி என்று வேறு நான்கு ஊர்களிலிருந்து விசாரிக்கிறார்கள், அந்த எச்சரிக்கைக்கான நிரலை எழுத ஒரு மாதம் போதுமா என்றான். நான் வேலையை விட்டேன். என் இடத்துக்கு வந்த பையன் கெட்டிக்காரன். பதினெட்டு நாளில் எழுதிவிட்டான். திரையில் வரும் வாக்கியத்தைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். 'மூச்சு சீராக உள்ளது. பணியைத் தொடரலாம்.'

அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஜெயக்கொடியிடமிருந்து அழைப்பு வந்தது. பக்தர் தெருவுக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

போனபோது மணி பதினொன்று. நல்ல வெயில். தெருவில் நண்டு வண்டி நின்றிருந்தது. குழியின் இரும்பு மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த உத்தரவு, கண்ணாடித் தாள் உறைக்குள். பால்துரை வண்டிக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் வேலை போகவில்லை, வேறு மண்டலத்துக்கு மாற்றி மறுபடி இங்கேயே அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பலகையைத் தோளில் சாத்தி நின்றான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

அவன்தான் முதலில் பேசினான். "நீங்க சொல்லுங்க மேடம் இவங்களுக்கு. இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல. மூச்சு கம்மியானா மேலயே பீப் அடிக்குது. எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"ஒம் பேரு என்னப்பா?" என்றாள் ஜெயக்கொடி.

"தனவேலு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"தை மாசம் வச்சிருக்குக்கா."

பால்துரை என்னிடம் வந்து, தெரு முழுக்கக் கழிவு பொங்கிக்கொண்டிருக்கிறது, ஜனங்கள் திட்டுகிறார்கள், இந்த அம்மாவை எழுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினார். பொய்யில்லை. மூடியின் ஓரத்திலிருந்து கறுப்பாகக் கசிந்து நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அவள் செருப்பு நனைந்திருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த நாற்றம் என் முகத்தில் முழுசாக அடித்தது. அழுகிய முட்டையும் சோப்பும் மலமும் கலந்த நாற்றம். நாக்கில் ஒட்டியது. நான் மூக்கைப் பொத்தவில்லை.

ஜெயக்கொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த மாதிரி மூடி இந்த ஊர்ல எத்தினி இருக்கும்மா?"

எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நண்டுகள் அளந்து வரைபடத்தில் ஏற்றியிருந்தன. "பதினோராயிரத்து முந்நூத்தி நாப்பது."

அவள் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நான் ஒண்ணுல தான ஒக்கார முடியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

பால்துரை போனை வைத்துவிட்டு வண்டி ஓட்டுநரிடம் கையைக் காட்டினார். வண்டி மெதுவாக நகர்ந்து தெருவின் அடுத்த குழிக்குப் போனது. முப்பது மீட்டர் தள்ளி இருந்தது அது. தனவேலு பலகையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு வண்டியின் பின்னால் நடந்தான். அந்த மூடியைத் திறக்கக் கம்பியை எடுத்தார்கள்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பி கொக்கியில் மாட்டுவதற்குள் மூடியின்மேல் ஏறி நின்றேன். இரும்பு வெயிலில் பழுத்திருந்தது. கால் சுட்டது. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இவ்வளவு வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

தனவேலு பலகையைக் கீழே வைத்துவிட்டு, அதன்மேல் குந்தி உட்கார்ந்து, நான் எப்போது இறங்குவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.